காதால் படித்த சேஷன்

கிழக்கேகோட்டையில் ஆபீஸ் பஸ்ஸுக்காக நின்றபோது சேஷனின் மனைவி போன் செய்தார். "அண்ணா, அவர் போயிட்டார்" என்றார். விடியற்காலையில் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். பஸ் வந்தது, போனது. நான் ஸ்ரீவராகத்தில் அவர் வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் அழுதேன்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் சேஷன் என்றால் முதலில் சல்லடைதான் நினைவுக்கு வரும். தொண்ணூறுகளின் கடைசியில் அவர் எழுதிய புரோகிராம் அது. நாம் எழுதும் புரோகிராம்களை அது தானாகவே படித்துப் பார்க்கும். நீட்டி முழக்கினால், நிபந்தனைக்குள் நிபந்தனையாக அடுக்கினால், வாயில் நுழையாத பெயர் வைத்தால் திருப்பி அனுப்பிவிடும். சரியாகத்தானே ஓடுகிறது என்று சொல்லித் தப்ப முடியாது. அதற்குச் சல்லடை என்று பெயர் வைத்தவன் நான். சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டி வைத்திருந்த வீட்டுப்பிள்ளைக்கு வேறென்ன தோன்றும்? சேஷனைத் திட்டாத ஆள் ஆபீசில் இல்லை.

எங்களோடு புரோகிராம் எழுதிய பீனா ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள். "எந்தா சாரே, பேரு எதுவானா மெஷினுக்கு என்ன?"

"மெஷினுக்கு ஒண்ணுமில்லே. படிக்கறவா வாய்லே வரணுமோல்லியோ" என்றார் சேஷன். எல்லோரும் சிரித்தோம்.

சில நாள் கழித்து, கண்ணாடியை மறந்துவிட்டேன், இதைக் கொஞ்சம் வாசியும் என்று ஒரு புரோகிராமை என்னிடம் நீட்டினார். மறுநாளும் அதையே சொன்னார். கண்ணாடி மூக்கின்மேல்தான் இருந்தது. என்ன ஓய் இது என்றேன்.

"பார்வை போயிண்டிருக்கு, ஓய். மேலே தெரிஞ்சா வேற வேலைக்குத் தள்ளிடுவா. காது இருக்கோல்லியோ, நீர் படியும்."

அன்றுமுதல் மதியச் சாப்பாடு முடிந்ததும் நான் வாசிப்பேன், அவர் கண்ணை மூடிக் கேட்பார். பிடி நழுவினால் கையைத் தூக்குவார். கை எழும்பிய இடம்தான் சல்லடையில் அடுத்த விதியாக ஏறும். எத்தனை வரிக்குமேல் போகக்கூடாது என்பதெல்லாம் அவர் காது போட்ட அளவு.

ஒளித்தது எத்தனை நாள் நிற்கும்? மேலதிகாரிக்குத் தெரிந்துவிட்டது. கண் தெரியாமல் மற்றவர்கள் வேலையை எப்படிச் சரிபார்ப்பீர்கள் என்று கேட்டார். சேஷன் என்னை வாசிக்கச் சொன்னார். சல்லடை திருப்பி அனுப்பி, பீனா திருத்தி எழுதியது அது. ஒரே வாசிப்பில் அது என்ன செய்கிறது, எங்கே தடுமாறும் என்று சொல்லிவிட்டார். அதிகாரி தலையாட்டிவிட்டு எழுந்து போனார். அந்த நாற்காலி சேஷனுக்கே நிலைத்தது. நாம் முணுமுணுத்துக்கொண்டே திருத்தி எழுதியவைதான் அவர் வேலையைக் காப்பாற்றின. இதை உங்களில் பலர் அறியமாட்டீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

சல்லடை இன்னும் ஓடுகிறது. அது ஆபீசுக்குச் சொந்தம். என்னிடம் மிஞ்சியிருப்பது வாய்விட்டு வாசிக்கும் பழக்கம் மட்டும்தான். அவர் போனபின் நேற்றும் மதியம் வாசித்தேன். ஒரு பகுதி முடிந்ததும் வழக்கம்போல நிறுத்தினேன். அந்த இடத்தில்தான் சேஷன் "ம், மேலே போம்" என்பார். அடுத்த வரி எனக்கு வாசிக்க வரவில்லை.