கரண்ட் போன பிறகு

நேற்றிரவு செனாவாங்கில் கரண்ட் போனதும் அக்கம்பக்கத்தார் சலித்துக்கொண்டு வெளியே வர, நான் மட்டும் மூச்சைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். என் சின்ன வயதில், இன்று வெறும் செம்பனைத் தோட்டமாகிவிட்ட பெடாஸ் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில், தொழிலாளர் லயத்து ஜெனரேட்டர் எப்போது நிற்கும் என்று காத்துக்கிடந்த ஒரே வீடு எங்களுடையதுதான். அது ஓடும்வரை ரேடியோவில் வெறும் இரைச்சல். நின்றால்தான் கடலுக்கு அப்பாலிருந்து ஸ்டேஷன்கள் மெல்ல ஏறி வரும். பகலெல்லாம் தகரக் கூரையில் காயவைத்த பேட்டரிகளைப் போட்டு, ரப்பர் மரத்திலிருந்து இழுத்த ஏரியல் கம்பியைச் சொருகி, லாரி ஓட்டும் அப்பா ரேடியோப் பெட்டியில் காதை ஒட்டவைத்துக்கொள்வார். பாட்டும் பேச்சும் அவருக்கு வேண்டாம், ஸ்டேஷன் தன் பெயரைச் சொல்ல வேண்டும், அதைக் காதால் கேட்டால்தான் பிடித்ததாகக் கணக்கு.

அந்த நேரம் பார்த்துத்தான் அம்மாவுக்கு இருமல் முட்டும். ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்து வேலை தந்த இருமல்.

“சத்தம் போடாத லா! பேரு சொல்லப் போறான்.”

அம்மா முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொள்வாள். ரேடியோவில் குரல் தேய்வதும் திரும்புவதுமாக இருக்க, இருட்டில் அவள் முதுகு என் கைக்குக் கீழே குலுங்கிக்கொண்டே இருக்கும். பெயர் சீக்கிரம் வரட்டும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் பெயர் தெளிவாக வந்தது.

“கேட்டுச்சா? ஏய், கேட்டுச்சா?” என்று அப்பா துள்ளிக் குதித்தார்.

அம்மா முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

“கேட்டுச்சுங்க. இப்ப இருமிக்கலாமா?”