கட்டைவிரல் சம்மதம்

பல்கலைக்கழகத்தில் துணைப் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்தக் கோப்பு எந்த மேசையில் தூங்கும், யார் தட்டினால் எழுந்திருக்கும் என்பது இன்னும் மறக்கவில்லை. தாம்பரத்துக்கு அருகே ஒரு கல்லூரியில் ஆய்வு நெறிமுறைக் குழு அமைத்தார்கள். தலைவர் வெளியாளாக இருக்க வேண்டும் என்பது விதி. அதைப் படித்த கையோடு ஒரு புதுச் சட்டை தைக்கக் கொடுத்தேன்.

என்னைப் பொதுமக்கள் பிரதிநிதியாகப் போட்டார்கள். தலைவராக வந்தவர், ஒரு காலத்தில் விடுப்பு விண்ணப்பத்தோடு என் மேசைக்கு முன்னால் நின்ற விரிவுரையாளர். இணைப்புச் சான்றிதழ் இல்லை என்று அவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதை அவர் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. அதுதான் எரிச்சல்.

"சார், இது எந்த விதில வருது?" என்று என்னைத்தான் கேட்பார். நான் சொல்வேன். அவர் முடிவெடுப்பார். நன்றியும் அவருக்கே போகும்.

ஒரு ஆராய்ச்சி மாணவி இடைக்கால அறிக்கையோடு வந்தாள். மாடம்பாக்கத்தில் எங்கள் காலனியில் வயதான பெண்கள் எப்படித் தூங்குகிறார்கள், இரவில் என்ன கவலையில் விழித்துக்கொள்கிறார்கள் என்பது அவள் ஆய்வு. பேட்டிகள் எல்லாம் முடிந்திருந்தன. உதவித்தொகை முடியப்போகிறது. ஆய்வு தள்ளுபடியானால் மறுபடி தொடங்க அவளுக்கு வழியில்லை.

நான் அறிக்கையில் பக்க எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். தலைவர் சாதாரணமாகக் கேட்டார். "சம்மதம் எப்படிம்மா வாங்கின?"

"காலனி வாட்ஸ்அப் குரூப்ல கேட்டேன் சார். எல்லாரும் தம்ஸ் அப் போட்டாங்க."

"அந்த குரூப்ல லேடீஸ் இருக்காங்களா?"

அவள் முகம் மாறியது. "இல்ல சார். அங்கிளுங்கதான். வீட்டுக்கு ஒருத்தர்."

"அப்போ தூங்கறது ஒருத்தர், கட்டைவிரல் ஒருத்தருதா?"

"ஒரு அங்கிள் மட்டும் 'ஆட்சேபணை இல்லை'ன்னு டைப் பண்ணார் சார்."

அந்த அங்கிள் நான்தான். யாரும் என்னைப் பார்க்கவில்லை. தலைவர் கேட்ட கேள்வி எனக்கல்லவா முதலில் தோன்றியிருக்க வேண்டும்! உடனே சொன்னேன், "விதிப்படி மொத்த ஆய்வையும் தள்ளுபடி செய்யணும்."

"செய்யலாம் சார்," என்றார் தலைவர். "ஆனா அப்பவும் அந்தம்மாங்களை யாரும் கேட்டிருக்க மாட்டோமே."

மாணவி மறுபடி ஒவ்வொரு வீட்டுக்கும் போய், அந்தப் பெண்ணிடமே தனியாகக் கேட்க வேண்டும். வேண்டாம் என்பவர்களின் பதில்களை அழித்துவிட வேண்டும். பாதிப் பேராவது சம்மதித்தால்தான் ஆய்வு நிற்கும். இது அவர் முடிவு. கேட்பது முறையாக நடக்கிறதா என்று பார்க்க அவரே வெயிலில் அவளோடு நடந்தார். குழுவுக்கு அந்த அதிகாரம் உண்டு. அந்த விதியைச் சொல்லிக் கொடுத்தவனும் நான்தான்.

எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள்.

"வாங்க. அவளுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல," என்றேன்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?" என்றார் தலைவர்.

என் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றேன். எதிர்வீட்டுக்காரர் பைக்கைத் துடைத்தபடி, "என்ன சார், உங்களையும் வெளிய அனுப்பிட்டாங்களா?" என்றார். உள்ளே என் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது. என்னோடு பேசும்போது அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று யோசித்தேன். கணக்கு வரவில்லை.

அவர்கள் போனதும் கேட்டேன். "என்ன சொன்ன?"

"அத யார்கிட்டயும் சொல்ல வேணாம்னு சார் சொன்னாரு."

"நான் யாரோவா?"

"அதையும் கேட்டேன். வீட்டுக்காரருக்கும் சேத்துதான்னாரு," என்று சொல்லிவிட்டுக் காபி கலக்கப் போனாள்.

அன்றிரவு அவள் முதுகைப் பார்த்தபடி படுத்திருந்தேன். அவள் எதற்காக விழித்துக்கொள்கிறாள் என்பது அந்த மாணவிக்குத் தெரியும். எனக்கு, அவள் விழித்துக்கொள்கிறாள் என்பதே தெரியாது.

அடுத்த கூட்டத்தில் அந்த ஆய்வை எடுத்ததும், மனைவி சம்பந்தப்பட்டிருப்பதால் நானே எழுந்து வெளியே போனேன். விதி அது. முடிவைக் கேட்டுக்கொண்டு மாணவி வராந்தாவுக்கு ஓடி வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"அப்ரூவ் பண்ணிட்டாங்க அங்கிள். ஆன்ட்டிக்கு தேங்க்ஸ் சொல்லிடுங்க."

பிடித்துவிட்டேன். அப்படியானால் என் மனைவி சம்மதித்திருக்கிறாள். அதை என்னிடம் உளறியது பெரிய மீறல். தலைவரின் மேற்பார்வையில் நடந்த மீறல். எந்த விதி என்பது நாக்கு நுனியில் இருந்தது.

"ஆன்ட்டி சம்மதிச்சத நீ என்கிட்ட சொல்லலாமாம்மா?"

அவள் விழித்தாள். "நான் சொல்லலையே அங்கிள். சரின்னவங்க, வேணாம்னவங்க எல்லார் வீட்டுக்கும் ஒரே மாதிரி தேங்க்ஸ் சொல்லணும்னு சார் சொல்லியிருக்காரு. அப்பத்தான் யாரு என்ன சொன்னாங்கன்னு தெரியாதாம்."

உள்ளே அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள். "சார், வாங்க, இது எந்த விதில வருது?" என்று தலைவரின் குரல் கேட்டது. போய் உட்கார்ந்து, விதியைச் சொன்னேன்.