ஃபோர்க்கில் போட்ட ஓட்டை

பாராட்டு விழா என்று யாராவது பேச்செடுத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தேசிய சைக்கிள் போட்டியில் தங்கம் வாங்கிக்கொண்டு சொந்த ஊரான சிதம்பரத்துக்கு வந்திருந்தேன். கடலூரில் வியாபாரிகள் சிலர் சேர்ந்து விழா வைத்தார்கள். மாலை போட்டால் போதாதாம். ஜெயித்த சைக்கிளிலேயே நான் கடைத்தெருவில் ஊர்வலம் வரவேண்டுமாம். என்னைக் கேட்காமலே ஒப்புக்கொண்டு வந்தவர் மாமா, அம்மாவின் தம்பி.

"மாமா, அது ரோட்டுல ஓட்ற சைக்கிள் இல்ல. சரிவா கட்டுன டிராக்குல மட்டுந்தான் ஓட்டணும். அதுல பிரேக்கே கெடையாது."

"அடிப்பாவி! பிரேக் இல்லாமலா இத்தினி நாளா ஓட்டுன?"

போட்டி விதியே அதுதான், பெடலை மெதுவாக்கினால் சக்கரமும் மெதுவாகும் என்று விளக்கினேன். தலையாட்டினார். மேடையில் சும்மா நிறுத்திவைக்க மட்டும் சம்மதித்தேன்.

விழா அன்று சைக்கிளை மாமாவிடம் விட்டுவிட்டு, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் பேசப் போனேன். திரும்பி வந்தால் மண்டப வாசலில் சைக்கிள் நிற்கிறது. ஸ்டாண்டு போட்டு நிற்கிறது! பெல், கேரியர், முன்சக்கரத்துக்கு பிரேக். ஹேண்டில்பாரில் சந்தனம், குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். எங்கள் பக்கம் சைக்கிள் எடுத்தால் கடையிலேயே எல்லாம் மாட்டித்தான் வெளியே விடுவார்கள். ஸ்டாண்டும் கேரியரும் இல்லாததை யாரும் சைக்கிளாகவே மதிப்பதில்லை.

மாமாவுக்கு வாயெல்லாம் பல். "பிரேக் மாட்ட எடமே இல்லன்னாரு கடக்காரரு. டிரில் போட்டு மாட்டச் சொல்லிட்டேன். இனிமே எங்க வேணா ஓட்டலாம்."

குனிந்து பார்த்தேன். முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கில் ஓட்டை. அது இரும்பில்லை, கார்பன் இழையில் செய்தது. துளை விழுந்தால் வேகத்தில் பிளந்துவிடும். வேறொன்று வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். எனக்கோ அடுத்த வாரம் ஆசியப் போட்டிக்கான தேர்வு.

"யாரக் கேட்டு அதுல கை வெச்சீங்க?" என்று கத்தினேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது.

வியாபாரி ஒருவர் சமாதானத்துக்கு வந்தார். "கோச்சுக்காதம்மா, நல்லதுக்குத்தான செஞ்சாரு. பொம்பளப் புள்ள, எங்கனா வுழுந்து வெச்சா?"

நல்லதுக்காம்! லாரி வேகத்தில் சரிவில் இறங்குகிறவள் நான், கடைத்தெருவில் விழுந்துவிடுவேனாம். இத்தனை வருஷம் நான் என்ன செய்கிறேன் என்று ஒருத்தராவது வந்து பார்த்திருந்தால்தானே? மாலையை வாங்காமலே சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

தேர்வில் நடுவர் ஓட்டையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அதை ஓட்டக் கூடாது என்றார். வேறொரு பெண்ணிடம் சைக்கிள் கேட்டு வாங்கி ஓடினேன். சீட்டைத்தான் என் உயரத்துக்கு மாற்ற முடிந்தது. கியர் அவளுடையது, ஹேண்டில்பார் அவளுடையது. கடைசி வளைவில் இரண்டு பேர் என்னைத் தாண்டிப் போனார்கள். அணியில் எனக்கு இடமில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "வுடு பாப்பா, அடுத்த வருசம் பாத்துக்கலாம். புது ஃபோர்க்கு நானே வாங்கித் தரேன்."

சொன்னபடி வாங்கியும் தந்தார். அதற்குள் எனக்கு முப்பத்தொன்று ஆகிவிட்டது. அடுத்த தேர்வுக்கு இளையவர்களைத்தான் கூப்பிட்டார்கள். என்னைக் கூப்பிடவே இல்லை.