வராமல் இருக்கும் உரிமை

கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்றவர் அவர். கோடை விடுமுறைதோறும் தன் வீட்டு மாடிக் கூடத்தில் மாணவர்களுக்குத் தனிமனித சுதந்திரம் பற்றிக் கருத்தரங்கு நடத்துவார். யார் எங்கே உட்கார வேண்டும், எப்போது சந்தேகம் கேட்க வேண்டும் என்பதையெல்லாம் அவரே முடிவு செய்வார். மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் ‘மன்னர்’.

“ஊருக்கெல்லாம் சுதந்திரம் குடுக்கிறீங்க. வீட்டுல ஃபேன் சுவிட்சைக்கூட என்னால தொட முடியலை” என்பார் மனைவி.

இந்த ஆண்டு முதல் நாள் உரை முடிந்ததும் ஒரு மாணவி எழுந்தாள். “சார், யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னா, நாளைக்கு நாங்க வராம இருக்கலாமா?”

மன்னரால் மறுக்க முடியவில்லை. “தாராளமா.”

மறுநாள் கூடத்தில் ஒரு மாணவர்கூட இல்லை. வாழ்நாளெல்லாம் பேசிய கொள்கை தன் முகத்திலேயே கரி பூசிவிட்டதே என்று நொந்துகொண்டார்.

“அவங்க தங்கியிருக்கிற விடுதிக்குப் போய்க் கூட்டிட்டு வரட்டுமா?” என்று கேட்டார், தேநீர் கொண்டுவந்த மனைவி.

“வேண்டாம். கூப்பிட்டா அதுவும் கட்டாயம்தான். நீயாவது இரு.”

“இருக்கிறதா வேணாமான்னு நான்தானே முடிவு பண்ணணும்?” என்றபடி மனைவி உட்கார்ந்துகொண்டார்.

சற்று நேரத்தில் படிக்கட்டில் ஒரே இரைச்சல். மாணவர்கள் மொத்தமாக உள்ளே நுழைந்தார்கள். அவருடைய உரையை வைத்துக்கொண்டு விடுதியில் காலையிலிருந்து சண்டை போட்டிருக்கிறார்கள்.

“சார், நேத்து நீங்க சொன்னதுல பாதி தப்பு” என்றாள் அந்த மாணவி.

தப்பு என்று சொல்லக் கேட்டு அவர் இவ்வளவு மகிழ்ந்ததே இல்லை. “எல்லாரும் அவங்கவங்க இடத்துல...” என்று தொடங்கியவர், மனைவி முறைப்பதைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். “எங்க வேணாலும் உட்காருங்கப்பா.”

அந்த மாணவி நேராகப் போய் மன்னரின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.