கிரைண்டர் ஒத்து ஊதிய பாட்டு

என் கடைச் சமையலறையில், கிரைண்டருக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு இருக்கிறது. எதற்கு என்று கேட்கும் வாடிக்கையாளர்களிடம் ஆளுக்கொரு கதை விடுவேன். உளுந்து திருடினால் எரியும் என்று ஒருவரிடம் சொன்னேன், அவர் பாதி நம்பிவிட்டார். உண்மையில் அந்த பல்பு என்னை அடக்குவதற்காக மாட்டப்பட்டது. மாட்டச் சொன்னவர் அயர்லாந்துக்காரர், எழுபதை நெருங்கியவர், நாற்பது வருஷமாக ஒரே பாண்டு குழுவை ஓட்டியவர். கூட வாசித்த மூன்று கிழவர்களும் அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

தொண்ணூறுகளில், பத்தாவதை இரண்டு முறை எழுதியும் தேறாத நான், அமெரிக்காவில், கலிபோர்னியாவின் சன்னிவேலில், எல் கமினோ ரோட்டோரம் அக்கா நடத்திய ஓட்டலில் தோசை மாஸ்டர். அக்காவுக்குப் பொள்ளாச்சி, எனக்குக் கும்பகோணம் பக்கம். அக்கா ஊரிலிருந்து கப்பலில் வரவழைத்த பெரிய கிரைண்டர்தான் கடையின் உயிர். அதற்கு ஒரு சுவர் தள்ளிப் பக்கத்துக் கட்டடத்தில் ரெக்கார்டிங் ஸ்டுடியோ. கேப்டன் குழு மூன்று நாள் ஆல்பம் பதிவுக்கு வந்து இறங்கிய முதல் காலையிலேயே, வயலினும் புல்லாங்குழலும் எங்கள் மாவும் ஒன்றாகப் பதிவாகிவிட்டன. சவுண்ட் என்ஜினியர் ஓடி வந்தான். அவன் அப்பா அம்மாவுக்கு மதுரை, அவனுக்கு சான் ஹோஸே. நாம் பேசும் தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். கடைசியில், கேப்டன் சொன்ன யோசனைப்படி, பதிவு நடக்கும்போது எரிகிற மாதிரி எங்கள் பக்கம் ஒரு சிவப்பு பல்பு, அது எரிந்தால் கிரைண்டரை நிறுத்த வேண்டும் என்று ஒப்பந்தம் ஆனது. ஓடுகிற கிரைண்டரைப் பாதியில் நிறுத்தினால் உளுந்து எழும்பாது, தோசை வரட்டி மாதிரி வரும். அக்காவுக்கு ஆத்திரம். எனக்கோ ஒரே குஷி.

பல்பு எரிந்த பிறகும் பத்து எண்ணும் வரை கிரைண்டரை ஓட விடுவேன். பின்கதவில் கேப்டனின் சிவந்த முகம் தெரியும். ஒரு வார்த்தை திட்டமாட்டார். நேராக வந்து, நான் எனக்கென்று தனியாக எடுத்து வைத்த வடையைத் தின்றுவிட்டுப் போவார். இரண்டு நாளில் எனக்கு ஏழு வடை நஷ்டம். அக்கா சிரித்துக்கொண்டே சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "உனக்குச் சரியான ஆளு அவருதான் கண்ணு. வாயத் தொறக்காமயே உன்னைய வழிக்குக் கொண்டாந்துட்டாரு பாரு."

மூன்றாம் நாள் மதியம் பல்பு எரியவே இல்லை. பின்கதவு வழியே எட்டிப் பார்த்தால், கேப்டன் மடியில் தன் பைப்பை வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். அது நம் நாதஸ்வரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. வாயால் ஊதாமல், அக்குளில் இடுக்கிய துருத்தியால் காற்றை அனுப்புவார்கள். பாட்டு வாசிக்க ஒரு குழல், கூடவே விடாமல் ஒரே சுரத்தில் முழங்க ஒத்துக் குழல்கள். கலிபோர்னியா வெயிலிலும் ஏசியிலும் காய்ந்து, ஒத்துக் குழல்களில் ஒலி எழுப்பும் நாணல் சீவாளிகள் வெடித்துவிட்டன. மாற்று கையில் இல்லை. மறுநாள் காலை விமானம். மிச்சம் இருந்தது ஒரே பாட்டு, அதுவும் கேப்டன் தன் மனைவிக்காகக் கட்டியது. ஒவ்வொரு ஆல்பத்திலும் இன்னும் பழுக்கவில்லை என்று அவரே அதைத் தள்ளிப் போட்டாராம். இந்த முறை அது இல்லாமல் வந்தால் வாசலைத் திறக்க மாட்டேன் என்று மனைவி சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்தப் பாட்டுக்கு ஒத்து இல்லாவிட்டால் எலும்பே இல்லாத உடம்பு என்றார் கேப்டன். அன்றைக்கு எனக்குக் கிண்டல் வரவில்லை. உள்ளே அழைத்து வந்து, கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார வைத்து, வடைத் தட்டை நானே நீட்டினேன். அவர் தொடவில்லை.

ஊறிய உளுந்தைப் போட்டுக் கிரைண்டரை ஓட விட்டேன். கொஞ்ச நேரத்தில் கேப்டன் தலை, எதையோ கேட்கிற மாதிரி, கிரைண்டர் பக்கம் சாய்ந்தது. குழலை எடுத்து ஒரே ஒரு சுரம் பிடித்தார். கிரைண்டரின் முழக்கமும் அதுவும் கிட்டத்தட்ட ஒட்டின. ஒரு மயிரிழை கீழே இருக்கிறது என்று விரலால் காட்டினார். எங்கள் தொழிலில் மாவைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னால் காதால் பார்ப்போம். மாவு இறுகினால் கிரைண்டர் முனகும், தண்ணீர் தெளித்தால் குரல் கொஞ்சம் ஏறும். நான் ஒரு கை தண்ணீர் தெளித்தேன். சுதி ஏறி வந்து அவர் சுரத்தோடு ஒட்டி நின்றது. அவர் என்னைப் பார்த்த பார்வையை அதற்கு முன் எந்த வாத்தியாரும் எனக்குத் தந்ததில்லை.

கிரைண்டரையே ஒத்தாக வைப்பது என்று முடிவாகி, பதினைந்து நிமிஷத்தில் மைக்குகள் சமையலறைக்குள் வந்தன. அரிசி மூட்டைகளுக்கு நடுவே நான்கு கிழவர்கள். அக்கா போன் வயரைப் பிடுங்கி, எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தி, முன் கதவில் 'மூடப்பட்டது' பலகையைத் திருப்பினார். முதல் முறை நான்தான் கெடுத்தேன். பெருமையில் கை நீண்டு தண்ணீர் அதிகமாகி, சுதி துள்ளிவிட்டது. கேப்டன் நிறுத்தினார். "கலியாணத்துல பன்னீரா தெளிக்கிற? அளவாப் போடுடா," என்றார் அக்கா. என்ஜினியர் அக்காவைப் பார்த்து, "One more?" என்றான். பாத்திரத்தில் இன்னும் ஒரே ஒரு தடவைக்கு மட்டும்தான் உளுந்து. மறுபடி ஊற வைத்து எடுப்பதற்குள் அவர்கள் ஸ்டுடியோ நேரம் முடிந்துவிடும்.

அடுத்து வாசித்ததை எப்படிச் சொல்வது? கேப்டனின் புருவம் இறங்கினால் நாலு சொட்டுத் தண்ணீர், ஏறினால் ஒரு பிடி உளுந்து. பாட்டு மெதுவாக, யாரோ படியேறி வருகிற மாதிரி வந்தது. நடுவில் வயலின் சேர்ந்தபோதும் ஒரு சொட்டு தப்பவில்லை. வெள்ளை மாவு நுரைத்து ஏற ஏறக் கரகரப்பு அடங்கி, கடைசிச் சுரத்தில் கிரைண்டரும் பைப்பும் பிரித்துச் சொல்ல முடியாதபடி ஒன்றாக நின்றன. பைப் ஓய்ந்தது. அப்போதுதான் அக்கா, உலகமே மறந்து, தினமும் சொல்வதைச் சொன்னார்:

"போதும்டா, மாவு பொங்கிருச்சு."

நான் பழக்கத்தில் சுவிட்சை அணைத்துவிட்டேன். என்ஜினியர் தலையில் கை வைத்தான். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கேப்டன் முழுசாய்ச் சிரித்தார், கண் கலங்கும் வரை சிரித்தார். பதிவிலிருந்து அக்கா குரலை வெட்டினால் நான் ஊருக்குப் போக மாட்டேன் என்றார். அப்புறம் தட்டில் இருந்த வடைகளில் ஒன்றை எடுத்து, பாதி பிய்த்து என்னிடம் கொடுத்தார்.

ஆல்பம் வந்தது. வாசித்தவர்கள் பட்டியலில் கடைசி வரியில் என் பெயரும், எதிரே 'கிரைண்டர்' என்றும் அச்சாகியிருந்தது. பத்தாவது மார்க் ஷீட்டில் கூட என் பெயரை ஒழுங்காக அச்சடித்ததில்லை. கூடவே கேப்டன் கடிதமும் வந்தது. மனைவி வாசலைத் திறந்துவிட்டாராம். எந்த ஊரில் அந்தப் பாட்டை வாசித்தாலும், முடிந்ததும் கூட்டம் மொத்தமும் எழுந்து, அர்த்தம் தெரிந்தே, தப்பும் தவறுமாக "போதும்டா" என்று கத்துகிறதாம். பொள்ளாச்சிக்குத் திரும்பிவிட்ட அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். "முன்னாடியே சொல்லியிருந்தா பட்டுச் சேலை கட்டீட்டுப் பேசியிருப்பனே," என்றார்.

இப்போது கடை என்னுடையது, சுவருக்கு அந்தப் பக்கம் பல் ஆஸ்பத்திரி. என்னைத் தடுக்க யாரும் இல்லை. ஆனாலும் உளுந்தைப் போட்டதும் அந்த பல்பை நானே எரிய விடுகிறேன். எரிந்தால் கிரைண்டர் நிற்க வேண்டும் என்பதுதான் ஒப்பந்தம். நான் நிறுத்துவதில்லை. பத்து வரை எண்ணி, பின்கதவை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஒரு கை தண்ணீர் தெளிக்கிறேன். சுதி சரியாக வந்து நிற்கிறது.