பதிவு எண் சரியாகத்தான் இருந்தது

நான் அரசாங்க அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மனைவி சரோஜா, உடல் இளைக்க இணையத்தில் மாத்திரை வாங்கினாள். "நல்லதான்னு பாத்துச் சொல்லுங்க" என்று பெட்டியை நீட்டினாள். அதில் பதிவு எண் இருந்தது. சுகாதார அமைச்சின் இணையத்தளத்தில் தட்டினேன். பதிவு செய்யப்பட்ட எண்தான். "தாராளமா சாப்பிடு" என்று உத்தரவு பிறப்பித்தேன்.

நான்காம் நாள் காலை, சுங்கை லாலாங் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தவள் என் கையைப் பற்றினாள்.

"என்னங்க, நெஞ்சு படபடன்னு அடிக்குது. நிக்க முடியல லா."

அவள் உள்ளங்கை வியர்த்திருந்தது. மீனை அங்கேயே விட்டுவிட்டு, அவளை மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனேன்.

அவள் கைப்பையில் இருந்த மாத்திரைப் பெட்டியை டாக்டர் திருப்பிப் பார்த்தார். "அங்கிள், நம்பர் செக் பண்ணீங்களா?"

"பண்ணேன் டாக்டர். பதிவுல இருக்கு."

"எந்த மருந்தோட நம்பர்னு போட்டிருந்துச்சி?"

அதை நான் பார்க்கவே இல்லை. கைப்பேசியில் மறுபடி தேடினேன். அது ஓர் இருமல் மருந்தின் எண். மாத்திரைக்காரன் அதைத் தன் பெட்டியில் அச்சடித்திருக்கிறான்.

மாலையில்தான் துடிப்பு அடங்கியது. கட்டிலில் படுத்தபடியே சரோஜா சொன்னாள்: "ஊரு சனத்தோட மனுவுல எல்லாம் ஆயிரம் குத்தம் கண்டுபிடிச்சீங்க. எனக்கு மட்டும் ஒடனே சரின்னு முத்திரை சாப் குத்திட்டீங்களே!"

இப்போதெல்லாம் எண்ணோடு மருந்தின் பெயர், தயாரிப்பாளர் பெயர் இரண்டையும் ஒப்பிடுகிறேன். எல்லாம் பொருந்தினாலும், மருந்தகத்தில் காட்டிக் கேட்காமல் வீட்டில் யாரும் எதையும் விழுங்குவதில்லை. பிறரிடம் கேட்பது கௌரவக் குறைவு என்று நினைத்திருந்தேன். அவசரப் பிரிவு வாசலில் நின்ற நேரத்தில் அந்தக் கௌரவம் போய்விட்டது.