ஹேவாஹெட்டயில் ஒரு தொந்தி

இலங்கையின் ஹேவாஹெட்ட மலைப்பாதையில் மழை இருட்டிக்கொண்டு வருகிறது. நான் போகவேண்டிய தேயிலைத் தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் இந்தப் பாதையில் யாருக்கும் தெரியவில்லை. கொழுந்துக் கூடையோடு வரும் பெண்ணிடம், அருவிக்குப் பக்கத்தில் இருக்கும் தோட்டம் என்கிறேன்.

"தொந்தித் தொரை தோட்டமுங்களா? நேரா மேல ஏறுங்க."

"அந்தத் துரை இப்போது இருக்கிறாரா?"

"எங்க பாட்டன் காலத்துலயே சீமைக்குப் போயிட்டாருங்க. அப்புறம் ஒல்லித் தொரைகூட வந்தாரு. பேரு மாறல."

மேகம் விலகுகிறது. வானத்தை மறைத்து நிற்கிறது அந்தத் தோட்டத்துப் பச்சை மலை. வெள்ளைக்காரர்கள் தங்களுக்குள் 'பாட் பெல்லி', அதாவது பானை வயிறு, என்று கேலி செய்யும் தொந்தி, இங்கே இத்தனை பெரிய மலைக்கே பெயராகிவிட்டது. பிரமித்துப் போகிறேன்.

வளைவில் ஒரு வெள்ளைக்காரத் துரை குதிரையில் வருகிறார். அவரிடம் ஆங்கிலப் பெயரைச் சொல்லி வழி கேட்கிறேன். நெற்றியைச் சுருக்கி யோசிக்கிறார்.

"தொந்தித் தொரை தோட்டமா?" என்கிறார் தமிழில்.